வராண்டாவில் நகர்ந்த ஜிமிக்கி

சென்னை விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, "என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். கொழும்பிலிருந்து வழிநெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. "விளையாட" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன விளையாட்டு? கபடியா?"

"இல்லைங்க. அட்டை விளையாட்டு."

"சீட்டாட்டமா?" பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு யாராவது தீங்கு செய்கிறார்களா என்று சுகாதார ஊழியர்கள் கண்டுபிடிக்கப் பழகுகிற விளையாட்டு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. முத்திரையைக் குத்தி, "எங்க வீட்லயும் நர்ஸுதாம்மா. நல்லா விளையாடுங்க" என்று கடவுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். இந்த ஊரை எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் லயம் லயமாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த சின்னச் சின்ன வீடுகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எங்கள் லயத்தில் கடவுச்சீட்டு எடுத்த முதல் பெண்ணும் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. கொழுந்து பறிக்கிற மலையில் அம்மா இதைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டை நான்தான் செய்தேன். பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதற்கான அறிகுறிகளைப் பற்றி எங்களுக்கு நடந்த வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேரில் நானும் ஒருத்தி என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் கோபத்தில் ஒரு பெரிய தாளில் லயத்து வீடுகளை வரைந்தேன். வீட்டுக்கு ஒரு பிள்ளையின் அட்டை. ஆட்டக்காரர் கையில் அறிகுறி அட்டைகள்: முழங்காலில் சிராய்ப்பு, காதுக்குப் பின்னால் கன்றிய தடம், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தது, ஒரே ஒருவரைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொள்வது. எது ஓடி விழுந்த காயம், எது அப்படியில்லை என்று பிரிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதா, தனியாகக் கேட்பதா என்று முடிவு செய்ய வேண்டும். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடித்து, 'சொல்' என்று எழுதிய கடைசிக் கட்டத்துக்கு முதலில் போய்ச் சேருபவருக்கு வெற்றி. அட்டைகளில் எழுத்தைவிடப் படம் அதிகம். என் முதல் ஆட்டக்காரர் அம்மா; அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "விளையாடி என்னத்தைக் கத்துக்கிறது?" என்றார். அச்சடிக்க வழியில்லாமல் அது என் அலமாரியில் கிடந்தது. சென்னையில் குழந்தைகள் நலனுக்காக வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பு எப்படியோ கேள்விப்பட்டு என்னை அழைத்தது. இங்குள்ள நர்சுகளும் அங்கன்வாடி ஊழியர்களும் விளையாடிப் பார்க்கட்டும், சரியாக வந்தால் உங்கள் மலைக்கும் சேர்த்து நாங்களே அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள். வராவிட்டால் என் ஒரே தாளைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்.

அழைத்துப்போக வந்தவர் அந்த அமைப்பை நடத்தும் வைதேகி அக்கா. ஸ்கூட்டரில் வந்திருந்தார். என் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் திணித்து, சுருட்டிய தாளை என் முதுகில் துப்பாக்கி மாதிரி மாட்டிவிட்டார். கிண்டி பாலத்தின் கீழ் பஸ்களுக்கு நடுவே புகுந்தபோது நான் அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்படி பயந்துண்டு வரே? நான் காலேஜ் நாள்லேர்ந்து ஓட்டறேன். ரெண்டே தடவதான் விழுந்திருக்கேன்."

எங்கள் மலைப் பாதைகளில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்; அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தால் போதும். இங்கே எந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பது என்று தெரியவில்லை.

வைதேகி அக்காவின் வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் அவர் ஆற்றி ஆற்றிக் கொடுத்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன். தேநீர்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். முனையில் இருந்த கடையில் ஒரு கிளாஸ் வாங்கினேன். பாலும் சீனியும் இஞ்சியும் ஏலக்காயும் இருந்தன. தேயிலையைத்தான் தேட வேண்டியிருந்தது. அம்மா பறித்த இலையாக இருந்தால் இந்தக் கூட்டத்தில் அதற்கு மூச்சு முட்டியிருக்கும். ஆனால் பக்கத்து ஓட்டலில் பொங்கலும் வடையும் தந்தார்கள். எங்கள் வீட்டில் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பலை அளந்துதான் வைப்போம். இங்கே கேட்காமலேயே வாளியோடு வந்து சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். நான் கையை வைத்து மறைத்தும் பயனில்லை.

முதல் ஆட்டம் அடையாற்றில், அமைப்பின் மாடி அறையில். ஒரு மேசையைச் சுற்றி ஆறேழு பெண்கள். அதில் இருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். கலா அக்கா, அங்கன்வாடி ஊழியர். அவர் படியேறும்போதே குரல் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மும்தாஜ் அக்கா, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுபவர். அவர் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருவருக்கும் ஒரே ஏரியா, பல வருடச் சிநேகிதம்.

நான் விதிகளைச் சொன்னேன். அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது, அவரவர் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அட்டையைக் கொடுத்தேன். கலா அக்கா தன் கையில் வந்ததைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் மேசை நடுவில் விரித்துவிட்டார்.

"இங்க பாருங்கடி, எனக்கு முதுகுல நீலமா தடம், மூணு மாச கொயந்த. இது பொறக்கும்போதே இருக்குற மச்சம், அடி இல்ல. உன்கிட்ட இன்னா கீது?"

அடுத்த நிமிடம் எல்லாருடைய அட்டைகளும் நடுவில் இருந்தன. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து, சேர்த்து, பிரித்து, "அந்த நாலாவது வூட்டுப் பொண்ணுதாம்மா, சந்தேகமே இல்ல" என்று கூட்டமாகத் தீர்ப்புச் சொல்லி, எல்லாருடைய காய்களையும் ஒன்றாக நகர்த்திக் கடைசிக் கட்டத்தில் வைத்தார்கள். ஆட்டம் முடிந்தது. கொண்டுவந்த டீ இன்னும் ஆறவில்லை.

"நல்லா கீதும்மா" என்றார் கலா அக்கா, அன்போடு.

எனக்கு அழுகை வந்தது. அவர்கள் எதையும் தவறாகச் சொல்லவில்லை. எல்லா அறிகுறிகளும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. அப்படியானால் என் விளையாட்டு எதற்கு?

மதியம் சாப்பாட்டுப் பாத்திரங்கள் திறந்தன. புளிசாதம், கருவாட்டுக் குழம்பு, மும்தாஜ் அக்கா கொண்டுவந்த கத்திரிக்காய் பச்சடி எல்லாமே மேசை நடுவில் போய்ச் சேர்ந்தன. யாரும் தன் பாத்திரத்திலிருந்து தான் மட்டும் சாப்பிடவில்லை. அட்டைகளை விரித்த அதே கை, அதே வேகம். எங்கள் தோட்டங்களில் ஒரு தோட்டத்துக்கு ஒரு மருத்துவமாது. மழையில் தனியாக நடப்போம், தனியாகச் சாப்பிடுவோம், தனியாக முடிவெடுப்போம். நான் தனியாக வேலை செய்பவளுக்கான ஆட்டத்தைச் செய்து, சேர்ந்தே வேலை செய்கிறவர்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

"கொயம்பு ஊத்திக்கோ. மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிக்கினு கீற?" என்றார் கலா அக்கா. "வர்ற சனிக்கெயமதானே பெரியவங்கள்லாம் வந்து பாப்பாங்க? அதுக்குள்ள சரி பண்ணிடலாம். நாளைக்கு எங்ககூட ஏரியாவுக்கு வா."

அன்றைய துன்பம் அதோடு முடியவில்லை. திரும்பும்போது அடையாற்றில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர், "கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காரும்மா, இன்னும் ரெண்டு பேர் வருவாங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒரு லயத்தையே உள்ளே ஏற்றிவிட்டார். என் தாள் சுருள் ஒரு அம்மாவின் முகத்தில் இடித்தது. அவர் அதை வாங்கி இருக்கைக்குப் பின்னால் வைத்து, நான் எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, இலங்கையில் தேங்காய் என்ன விலை என்று அன்பாக விசாரிக்க ஆரம்பித்தார். நானும் பேச்சு சுவாரசியத்தில் மந்தைவெளியில் இறங்கி, அவருக்குக் கையாட்டி, வண்டி போன பிறகுதான் முதுகு லேசாக இருப்பதை உணர்ந்தேன்.

என் லயம், வீடுகள், கதவுகள், அம்மா தொட்டுத் தொட்டு அழுக்காக்கிய கடைசிக் கட்டம் எல்லாம் அந்த ஆட்டோவில் போய்விட்டன. வைதேகி அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடங்களிலெல்லாம் விசாரித்துவிட்டு வந்தார். "கெடைக்கலடீ. அட்டையெல்லாம் உன் பையிலதானே இருக்கு? படம்தானே போச்சு. வேற போட்டுக்கலாம்." எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் தயிர்சாதத்தைப் பிசைந்து உருட்டி, கையை நீட்டச் சொல்லிப் போட்டார்.

மறுநாள் கலா அக்காவோடும் மும்தாஜ் அக்காவோடும் மந்தைவெளிப் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போனேன். மாடிக்கு மாடி ஒரு நீண்ட வராண்டா. அதில் வரிசையாகக் கதவுகள். எங்கள் லயத்தைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இப்படித்தான் இருக்கும். வாசலில் குடங்கள், கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள், கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருக்கும் வடகம். வீட்டை விட்டு வந்த பிறகு முதல்முறையாக எனக்கு வழி தெரிந்த இடம் மாதிரி இருந்தது.

கலா அக்கா முதல் வாசலில் நின்று, "இன்னா பிரியா, பாப்பா கஞ்சி குடிக்குதா?" என்று கேட்டார். பதில் பிரியாவிடமிருந்து வரவில்லை. பக்கத்து வீடு, "ராத்திரி பூரா அயுதுச்சுக்கா" என்றது. அதற்கடுத்த வீடு, "அவ மாமியார் சக்கர தண்ணி குடுக்குது" என்றது. எதிரில் துணி பிழிந்துகொண்டிருந்தவர், "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, இவதான் சரியா துன்ன மாட்டேங்கிறா" என்று முடித்து வைத்தார். பிரியா கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயே திறக்கவில்லை.

"பாத்தியா?" என்றார் கலா அக்கா பெருமையாக. "இந்த பில்டிங்ல ஒரு கொயந்த தும்முனா எனக்குத் தெரியும்."

பொய் இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கள் மலையில் ஒரு வீட்டுச் செய்தி எனக்கு வர இரண்டு மைல் நடக்க வேண்டும். இங்கே செய்தி நடந்து வருகிறது. ஆனால் மூன்றாவது மாடியில் ஒரு வாசலில் கலா அக்கா, "இன்னாடா, உன் பையன் ஸ்கூலுக்குப் போவலயாமே?" என்று உரக்கக் கேட்டபோது, உள்ளே யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள். அந்தப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது, அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை இருந்தது. ஆனால் அம்மையாக இல்லாமல் இருந்திருந்தால்?

செய்தி நம்மிடம் நடந்து வருகிற அதே வராண்டாவில்தான் நம்மிடமிருந்து போகவும் செய்யும். ஒரு பிள்ளையின்மேல் நமக்குச் சந்தேகம் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால், சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் தெரிந்துவிடும். தீங்கு செய்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வேண்டியவராகத்தான் இருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது; திறக்க விடமாட்டார்கள்.

இவர்களுக்கு நான் அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் போடாமல் அந்த வராண்டாவைக் கடக்கத்தான் பழக வேண்டும். நான் கலா அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று தோன்றியது. மும்தாஜ் அக்கா மட்டும் இறங்கும்போது, "கதவு சாத்துனத பாத்தியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் கலா அக்கா என்னைத் தி. நகருக்கு அழைத்துப்போனார். வரைபடத் தாள், கலர் பேனா எல்லாம் வாங்க வேண்டும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கியதும் என் கால்கள் தரையில் இல்லை. கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டு போனது. ஹட்டன் சந்தையில் தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம் என்று நாங்கள் சொல்வதை இங்கே சொன்னால் சிரிப்பார்கள். இது சாதாரணப் புதன்கிழமையாம். கலா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒதுங்கு நைனா, ஒதுங்கு, ஃபாரின் ஆளு வருது" என்று வழி செய்தார்.

நடைபாதையில் ஒரு போர்வையில் கம்மல்கள் குவிந்திருந்தன. நான் ஒரு ஜிமிக்கி ஜோடியை எடுத்துப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிடிக்கும் பச்சைக் கல். கலா அக்கா கடைக்காரரிடம், "இன்னா மாமா, தங்கத்துலயா செஞ்ச? மாடிக்கு மாடி ஏறி கொயந்தைங்களுக்கு வைத்தியம் பாக்குற பொண்ணு, ஒயுங்கா சொல்லு" என்று பேரம் பேசியதில் அவர் ஒரு பாசிமணியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்த ஜிமிக்கி உள்ளங்கையில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு என் விளையாட்டு கிடைத்தது.

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் தாளை விரித்தேன். இம்முறை லயம் இல்லை, நீண்ட வராண்டா. வைதேகி அக்கா ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டார். குடம், கொடி, வடகம் எல்லாவற்றையும் வரைந்தேன். விதி மாறியது. எல்லாரும் ஒரே அணி. அட்டைகளைக் காட்டிக்கொள்ளலாம், சேர்ந்து யோசிக்கலாம். ஆனால் மேசையின் ஓரத்தில் நான் வரைந்த ஒரு மூடிய அறைக்குள் இரண்டிரண்டு பேராகக் குனிந்து, மெல்லிய குரலில் மட்டும்தான் பேச வேண்டும். மற்றவர் காதில் விழும்படி யாராவது பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், வராண்டாவில் ஜிமிக்கி ஒரு கதவு நகரும். ஜிமிக்கிதான் பக்கத்து வீட்டுக் காது. அது பிள்ளையின் கதவை அடைந்துவிட்டால் பிள்ளையின் அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். பிள்ளை இனிப் பேசாது. எல்லாரும் தோற்றோம்.

"ரொம்பக் கொடூரமா இருக்கேடீ" என்றார் வைதேகி அக்கா. பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை மாடி அறையின் பின்வரிசையில் அமைப்பின் பெரியவர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் புதிய விதியைச் சொல்லி முடித்ததும் கலா அக்கா ஜிமிக்கியைத் தூக்கிப் பார்த்தார். "கம்மல் மட்டும் வந்துகீது, காது எங்கம்மா?" அறையே சிரித்தது.

ஆட்டம் தொடங்கிய வேகத்தில் கலா அக்கா, "ஏய், அந்த ஆறாவது வூட்டுப் பையன்" என்று ஆரம்பித்தார். நான் ஜிமிக்கியை நகர்த்தினேன். "ஐயோ, நா இன்னா சொன்னேன்?" என்றார். அதற்கும் நகர்த்தலாம் போலிருந்தது, விட்டுவிட்டேன். மற்றவர்கள் அவர் வாயைப் பொத்தினார்கள். அவர் பொத்திய கைக்குள்ளிருந்தே, "அவங்க மாமாதான், பாரேன்" என்றார். ஜிமிக்கி நகர்ந்தது. "கலா, வாய மூட்றியா இல்லயா!" என்று கத்திய இன்னொருத்தி, "அந்தப் பையனத்தான் பாத்துக்கினு கீறோம்ல!" என்று சேர்த்துச் சொன்னார். ஜிமிக்கி மறுபடியும் நகர்ந்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இன்னும் இரண்டு மூன்று முறை இப்படியே நகர்ந்து, ஜிமிக்கி ஆறாவது கதவில் போய் நின்றது. நான் பையனின் அட்டையைக் கவிழ்த்தேன். அட்டையின் பின்பக்கம் நான் ஒன்றும் வரையவில்லை, வெறும் வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. கலா அக்கா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மளாலயாம்மா?" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"இன்னொரு தடவ ஆடலாம்" என்றார் மும்தாஜ் அக்கா.

இரண்டாவது ஆட்டத்தில் அந்த அறை கோயில் மாதிரி இருந்தது. இரண்டிரண்டு பேராக மூடிய அறைக்குக் குனிந்தார்கள். விரலால் கதவைத் தொட்டார்கள், புருவத்தால் கேள்வி கேட்டார்கள். கலா அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு ஆடினார். ஜிமிக்கி இரண்டாவது கதவைத் தாண்டவில்லை. மும்தாஜ் அக்கா காயை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக, கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"இங்க 'சொல்'லுன்னு மட்டும் போட்ருக்க" என்றார் என்னைப் பார்த்து. "யாருகிட்ட? மொதல்ல எங்க போவணும்? அவங்க இன்னா கேப்பாங்க? கூட யாராவது வருவாங்களா? அதெல்லாம் போடும்மா. நெசமா போறவங்களுக்கு வழி தெரியணும்ல."

நான் பேனாவை எடுத்தேன். எழுதப் போன கை நின்றது. "அக்கா, நெசமாவே..."

மும்தாஜ் அக்கா ஒரு விரலைத் தூக்கித் தன் காதைத் தொட்டார்.

நான் மீதியை விழுங்கினேன். வைதேகி அக்கா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், மும்தாஜ் அக்காவோடு பக்கத்தில் இருந்த அலுவலக அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. சற்றுப் பொறுத்து உள்ளிருந்து தொலைபேசியில் யாரோ மெதுவாகப் பேசும் சத்தம் மட்டும் கேட்டது.

பின்வரிசைப் பெரியவர்கள் என்னிடம் வந்து நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தைத் திருத்திய பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம், மலைக்கும் சேர்த்தே என்றார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். கைகூப்பி நன்றி சொன்னேன். ஆனால் என் கண் அந்தக் கதவிலேயே இருந்தது.

எல்லாரும் போன பிறகு நானும் கலா அக்காவும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கதவு திறக்கவில்லை. நான் அந்த வராண்டாவில் பார்த்த பிள்ளைகளை மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். குடத்தோடு நின்ற பெண்ணா? மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தவனா? சட்டென்று வெட்கமாகிவிட்டது. ஜிமிக்கியை நானே நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கலா அக்கா பெருமூச்சு விட்டார். "அவளும் நானும் ஒண்ணாதான் தெனம் அந்த படி ஏறுறோம். எந்த வூடுன்னு தெரிஞ்சாவணும்னு எனக்கு உயிரே போவுது."

நான் அவரைப் பார்த்தேன்.

"கேக்க மாட்டேன்" என்றார். "சாவுற வரிக்கும் கேக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, "அவ வூட்டு பிரியாணி துன்னுகீறியா நீ? ரம்ஜானுக்கு வந்தீன்னா..." என்று ஆரம்பித்து, அரிசி எந்தக் கடை, கறி எந்தக் கடை, தம் எத்தனை நேரம் என்று கதவு திறக்கும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்து மும்தாஜ் அக்கா வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. கலா அக்கா எழுந்து, அவர் பையைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டு, "வா, பஸ்சு வந்துடும்" என்றார். இருவரும் அடையாறு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். கலா அக்கா வழியெல்லாம் எதையோ பேசிக்கொண்டே போனார். நிச்சயமாக அது பிரியாணிதான்.

திரும்பும் நாளில் என்னை வழியனுப்பிய அதிகாரி வேறொருவர். விளையாட்டில் ஜெயித்தீர்களா என்று கேட்க யாருமில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பால் கலக்காத, சாயம் குறையாத ஒரு பிளேன் டீ குடித்தேன். அம்மா பாசிமணியைக் கழுத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டார். சாம்பார் வாளி, ஸ்கூட்டர், தொலைந்த தாள், வெள்ளை அட்டை. "அப்ப அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா."

"அவங்க சொல்லலியா?"

"நான் கேக்கல."

அம்மா என் பையிலிருந்து விழுந்த பச்சைக்கல் ஜிமிக்கியை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றுக்காகப் பையை உதறினார், கிடைக்கவில்லை.

"இதோட சோடி எங்க புள்ள?"

"மெட்ராஸ்ல வேலையா இருக்கும்மா" என்றேன்.